காத்திருத்தலும் முடங்கிக் கிடத்தலும்: கூடைப்பந்து நடுவரின் விசில் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

புளியந்தோப்பு என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழக வரலாறு பயின்றோர்க்கு 1921ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தமும், அதையொட்டி இப்பகுதியில் மூண்ட கலவரமும், அதன்பின் நீதிக்கட்சி அரசியலில் விழுந்த விரிசலும் பலராலும் எழுதப்பட்டுவிட்டன. நாம் இங்கே பேசப்புகுவது அவ்வளவு பெரிய செய்தியன்று. அதே புளியந்தோப்பில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் நாம் நின்று பார்த்த ஒரு கூடைப்பந்து ஆட்டம். அதில் ஊதப்பட்ட ஒரு விசில். அதற்குப்பின் ஒரு சிறுவன் கேட்ட ஒரு கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடிப் போனதில் நாம் கண்டவற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

சிமெண்டுத் தரை, வெடிப்பு விழுந்த பலகை, மங்கலான விளக்குகள். இரண்டு பள்ளி அணிகள் மோதின. புளியந்தோப்புப் பையன்களில் பெரும்பாலோர் எதிரணியினரின் தோளுயரமே இருந்தனர். ஆயினும் ஓட்டத்தாலும் குறியாலும் 31–28 என்று முன்னணியில் இருந்தார்கள். ஆட்டம் முடிய ஏறத்தாழ நான்கு நிமிடங்கள். அப்போதுதான் அவர்கள் அந்த உத்தியைக் கையாண்டார்கள். பந்தை வெளிவட்டத்திலேயே வைத்துக்கொண்டு ஒருவர்க்கொருவர் கைமாற்றத் தொடங்கினார்கள். கூடையை நோக்கி ஒருவரும் போகவில்லை. எதிரணியின் ஐவரோ கூடைக்கடியில் கைகளை விரித்து அரண் போல நின்றார்கள். பந்தைப் பறிக்க அவர்களிலும் ஒருவர் வெளியே வரவில்லை. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சீழ்க்கை அடித்தது, பிறகு "ஆடுங்கடா" என்று கத்தியது.

நடுவர் ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்திருந்தார். பிறகு சட்டென்று விசிலை ஊதி, பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட்டார். பையன்களின் ஆட்டம் அத்தோடு குலைந்தது. ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்தபின் அவ்வணியின் தலைவன் நடுவரிடம் வந்தான். கோபம் இருந்தாலும் குரலில் மரியாதை இருந்தது.

"நாங்க பால் வெச்சிருந்தோம் சார். அவங்க ஏன் சார் வந்து புடுங்கல?"

"பாக்கறவங்களுக்கு ஆட்டம் வேணுமில்லப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடுவர் நகர்ந்தார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கூடைப்பந்தின் வரலாற்றில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு, அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிட்டது என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

விதி பிறந்த கதை

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நைஸ்மித் இவ்விளையாட்டை உருவாக்கினார். அவர் வகுத்த விதிகள் பதின்மூன்றே. அவற்றுள் ஒன்பதாவது விதியிலேயே, ஆட்டத்தைத் தொடர்ந்து தாமதப்படுத்தும் அணிமீது தவறு அறிவிக்கும் அதிகாரம் நடுவருக்குத் தரப்பட்டிருக்கிறது. ஆகவே காலங்கடத்துதல் என்னும் குற்றம் பின்னாளில் முளைத்ததன்று, விளையாட்டோடு உடன்பிறந்தது. ஆனால் தாமதம் என்பது எவ்வளவு நேரம், அதற்குப் பொறுப்பு யார் என்பதை நைஸ்மித் சொல்லவில்லை. அதை நடுவரின் கண்ணுக்கே விட்டுவிட்டார்.

அந்தக் கண் போதாது என்பதை அணிகள் விரைவில் உணர்த்தின. முன்னணியில் இருப்பவர்கள் களத்தின் பின்பாதியிலேயே பந்தை வைத்துக்கொண்டு சுற்றினார்கள். 1932இல் களத்தின் நடுவே ஒரு கோடு வரைந்து, 10 வினாடிக்குள் அதைத் தாண்டியாக வேண்டும் என்று விதித்தார்கள். உடனே, கோட்டைத் தாண்டியபின் பந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கம் வளர்ந்தது.

அது உச்சத்தைத் தொட்ட நாள் 1950 நவம்பர் 22. மினியாபொலிஸ் நகரில் லேக்கர்ஸ் அணியும் ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணியும் மோதின. லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். 6 அடி 10 அங்குல உயரம். அவரோடு நேருக்குநேர் ஆடி வெல்வது அரிது என்று கண்ட பிஸ்டன்ஸ் அணி பந்தை வைத்துக்கொண்டே நின்றது. கடைசிக் கால்பகுதி முழுவதிலும் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்தவை 4 புள்ளிகள். முடிவு 19–18, வென்றது பிஸ்டன்ஸ். லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15ஐ மைக்கன் ஒருவரே எடுத்திருந்தார். இன்றளவும் அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்தில் மிகக் குறைந்த புள்ளிகள் விழுந்த ஆட்டம் அதுவே. பார்வையாளர் சினந்தார்கள். ஆனால் பிஸ்டன்ஸ் எந்த விதியையும் மீறவில்லை என்பதையும், வலிய அணியை எளிய அணி வென்றது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

நான்கு ஆண்டுகளில் மாற்றம் வந்தது. சிராக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் எளிய வகுத்தல் கணக்கு ஒன்றை முன்வைத்தார். நல்ல விறுவிறுப்பான ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. ஆட்ட நேரமான 48 நிமிடம் என்பது 2,880 வினாடி. அதை 120ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்தபின் 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் அந்தத் தொழில்முறைக் கழகத்தில் நடைமுறைக்கு வந்தது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரிப் புள்ளி ஒரே பருவத்தில் 79இலிருந்து 93ஆக உயர்ந்தது.

பன்னாட்டு அரங்கிலும் இதே கதைதான். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் நெடியவர்களை எதிர்கொண்ட சோவியத் அணி ஆட்டத்தை மெதுவாக இழுத்தது. இடைவேளையில் 17–15; முடிவில் 36–25 என்று அமெரிக்கா வென்றது. 1956இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு 30 வினாடி வரம்பைக் கொண்டுவந்து, 2000இல் அதை 24 ஆக்கியது. அமெரிக்கக் கல்லூரிகள் மட்டும் நெடுநாள் எதிர்த்து நின்றன. 1982இல் வட கரோலினாவும் வர்ஜீனியாவும் மோதிய ஒரு வட்டார இறுதியாட்டம் 47–45 என்று இழுபட்டு முடிந்ததும் எழுந்த கூச்சல் அவர்களையும் அசைத்தது. 1985–86 பருவத்தில் 45 வினாடி, 1993இல் 35, 2015இல் 30 என்று அவர்களும் கடிகாரத்துக்குப் பணிந்தார்கள்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஒன்று புலப்படும். பந்தை வைத்துக்கொண்டு காலங்கடத்தியவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள் அல்லர். உயரத்தாலோ வலிமையாலோ குறைந்தவர்கள். இழுத்தடித்தல் என்பது எளியவரின் ஆயுதமாகவே பலமுறை பிறந்திருக்கிறது. கடிகாரம் அந்த ஆயுதத்தைப் பறித்தது. ஆனால் எல்லோர்க்கும் ஒரே அளவில், முன்கூட்டியே சொல்லி, ஆட்டத்தின் முதல் வினாடியிலிருந்தே பறித்தது. எளியவர் அதற்கேற்ப வேறு உத்தி வகுத்துக்கொள்ள இடமிருந்தது. புளியந்தோப்பில் நாம் கண்ட விசிலில் இல்லாமற்போனது இதுதான்.

கடிகாரம் இல்லாத களங்கள்

சென்னைக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நேரான உறவொன்று உண்டு. நைஸ்மித் கற்பித்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனத்திலிருந்து உடற்கல்வி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழகப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். விசிலும் விதிநூலும் நம் பள்ளி மைதானங்களுக்கு வந்த வழிகளுள் அது முதன்மையானது.

ஆனால் கடிகாரம் வரவில்லை. 2009 செப்டம்பரில் மகளிர்க்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டி சென்னையில் நடைபெற்றபோது, கூடைக்கு மேலே 24 வினாடிக் கடிகாரம் சிவப்பு எழுத்தில் எண்ணிக்கொண்டிருந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புளியந்தோப்பிலோ, வியாசர்பாடியிலோ, தண்டையார்பேட்டையிலோ ஒரு பள்ளி மைதானத்தில் அத்தகைய கருவிக்கு வழியில்லை. விதிநூல் ஒன்றே, களம் இரண்டு. கருவி இல்லாத களத்தில் 24 வினாடி விதி பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். கூட்டம் கத்தும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். நாம் பார்த்த ஆட்டத்தில் முதல் மூன்று கால்பகுதிகளில் ஒருமுறைகூட அந்த வினாடிகள் எண்ணப்படவில்லை. எண்ணியிருந்தால் இரண்டு அணிகளுமே சிலமுறை சிக்கியிருக்கும். கடைசி நான்கு நிமிடத்தில், ஓர் அணிக்கு மட்டும், அறிவிப்பின்றி விதி விழித்தது.

பந்தை வைத்திருப்பவரை ஒரு மீட்டர் தொலைவுக்குள் ஒருவர் நெருங்கி மறித்தால் 5 வினாடிக்குள் அவர் பந்தை விட்டாக வேண்டும் என்று மற்றொரு விதி உண்டு. அதையும் அங்கே பயன்படுத்த வழியில்லை. ஏனெனில் மறிக்க ஒருவரும் வரவில்லை. சிறுவன் கேட்ட கேள்வியின் கூர்மை இங்கேதான் இருக்கிறது.

மூச்சே கடிகாரம்

இச்சிக்கலை நம் சடுகுடு எவ்வாறு கையாண்டது என்று எண்ணிப் பார்த்தோம். பாடிப் போகிறவனின் மூச்சே அங்குக் கடிகாரம். எதிரணி எல்லைக்குள் அவன் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை எந்தக் கருவியும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு நின்றால் அவன் ஆட்டமிழந்தான். அந்தக் கடிகாரம் எல்லோர் காதிலும் விழும். ஏழை, பணக்காரன் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு களத்திலும் அது இருக்கும். நடுவரைச் சந்தேகிக்கவும் அதிகம் இடமில்லை.

கபடி என்ற பெயரில் அது முறைப்படுத்தப்பட்டபோது காலங்கடத்துதல் வேறு வடிவில் நுழைந்தது. உள்ளே போய், எவரையும் தொட முயலாமல் திரும்பிவருவது எளிதாயிற்று. அதைத் தடுக்க எதிரணிக் களத்துக்குள் ஒரு கோடு வரைந்து, அதைக் கடந்தால்தான் பாடிப் போனது செல்லும் என்றார்கள். பாடும் நேரத்துக்கு 30 வினாடி வரம்பு வந்தது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக், ஓர் அணி இரண்டுமுறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை போகிறவர் புள்ளியோடு வரவேண்டும், இல்லையேல் ஆட்டமிழப்பார் என்றது. இரண்டுமுறை சும்மா வருவதற்கு உரிமை உண்டு. மூன்றாம் முறை இல்லை. காத்திருத்தலை ஒரு விதி இவ்வளவு நாகரிகமாக மதித்து, அதே சமயம் அதற்கு எல்லையும் கட்டியது நமக்கு வியப்பைத் தந்தது.

மல்யுத்தம் மற்றொரு வழியைக் கண்டது. சுதந்திரப் பாணியில் செயலற்று நிற்பவரை நடுவர் முதலில் வாயால் எச்சரிக்கிறார். பின்னும் அவ்வாறே நின்றால் 30 வினாடி கொடுக்கப்படுகிறது. அதற்குள் எவரும் புள்ளி எடுக்காவிடில் எதிரிக்கு ஒரு புள்ளி. இங்கே கடிகாரத்துக்கு முன் ஒரு மனிதக் குரல் இருக்கிறது. தண்டனைக்கு முன் எச்சரிக்கை இருக்கிறது. முடங்கியவர் யார் என்று பெயர் சொல்லும் துணிவும் இருக்கிறது.

கோவூர்கிழார் ஊதிய விசில்

தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு இவ்விடத்தில் புறநானூறு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட்டபோது நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான். முற்றியவன் வெளியே காத்திருக்கிறான். முற்றப்பட்டவன் வெளியே வருவதில்லை. புறத்திணையின் மொழியில் ஒருவன் உழிஞையான், மற்றவன் நொச்சியான். இருவருமே தத்தம் இலக்கணத்தை மீறவில்லை. கூடைப்பந்து மொழியில் சொன்னால், வெளிவட்டத்தில் பந்தோடு ஓர் அணி, கூடைக்கடியில் கைவிரித்து மற்றோர் அணி.

அப்போது கோவூர்கிழார் பாடிய பாட்டு புறம் 44. அதில் அவர் முதலில் போர்க்களத்தைப் பேசவில்லை. நீராட்டப்படாமலும் கவளமின்றியும் கதறும் யானைகளையும், பாலின்றி அலறும் குழந்தைகளையும், பூவற்ற கூந்தலை வெறுமனே முடியும் பெண்களையும் காட்டுகிறார். ஆடாத ஆட்டத்தின் விலையை ஆட்டத்தில் இல்லாதவர்கள் கொடுக்கிறார்கள் என்கிறார். பிறகு நெடுங்கிள்ளியின் முன் இரண்டு வழிகளை வைக்கிறார். அறத்தை விரும்பினால் ஊர் அவனுடையது என்று கதவைத் திற. மறத்தை விரும்பினால் போரிடக் கதவைத் திற. இரண்டுமின்றி அடைத்துக்கொண்டு கிடப்பது நாணத்தக்கது.

இதை நாம் ஒரு நடுவரின் எச்சரிக்கையாகவே படிக்கிறோம். புலவர் இருதரப்பையும் பொதுவாகக் கடிந்துகொள்ளவில்லை. அசையவேண்டிய கடமை எவனுக்கு இருக்கிறதோ அவனைப் பெயர் சுட்டி அழைக்கிறார். அவனைத் தண்டிக்கவில்லை; என்ன செய்யலாம் என்று வழி காட்டுகிறார். எவருக்காக இப்படித் தலையிடுகிறார் என்பதையும் மறைக்கவில்லை. திருக்குறளில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்குக் காத்திருத்தல் ஒரு செயலாகவே மதிக்கப்படுகிறது. வள்ளுவர் மதிக்கும் காத்திருத்தல் வேறு, கோவூர்கிழார் கடியும் முடங்கிக் கிடத்தல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நடுவரின் வேலை.

24 வினாடிக் கடிகாரம் இல்லாத அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களில் நெடுங்காலம் இதே தருக்கம் விதியாக இருந்தது என்று அறிந்தபோது நாம் மகிழ்ந்தோம். பந்தோடு நிற்கும் அணி முன்னணியில் இருந்தால் அதற்கு விரைய வேண்டிய கடமை இல்லை. புள்ளியில் பின்தங்கிய அணியே வெளியே வந்து ஆட்டத்தை உண்டாக்க வேண்டும். வராவிட்டால் நடுவர் அவ்வணியை முதலில் எச்சரிப்பார். பின்னும் அசையாவிட்டால் டெக்னிக்கல் ஃபவுல். "அவங்க ஏன் சார் வந்து புடுங்கல?" என்று புளியந்தோப்புச் சிறுவன் கேட்டது அறியாமையால் அன்று. அவன் அறியாமலே ஒரு விதிநூலின் பக்கத்தை மேற்கோள் காட்டியிருக்கிறான்.

நடுவர் என் செய்ய வேண்டும்?

அதற்காக நம் நடுவர்கள் அமெரிக்க விதியைக் கடன் வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இங்கு நடைமுறையில் இருப்பது பன்னாட்டு விதி. அதில் பந்தை வைத்திருக்கும் அணிக்கே 24 வினாடிக் கடமை. அந்த நடுவர் பந்தை மாற்றிக் கொடுத்ததை விதிநூலைக் காட்டி நியாயப்படுத்திவிட முடியும். நம் குறை விதியைப் பற்றியதன்று, அது விழித்த நேரத்தைப் பற்றியது.

கருவி இல்லாத களத்தில் செய்யக்கூடியவை மூன்று என்று நமக்குத் தோன்றுகிறது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணித்தலைவர்களையும் அழைத்து, 24 வினாடி எண்ணப்படுமா, எவ்வாறு எண்ணப்படும் என்று சொல்லிவிட வேண்டும். எண்ணப்படாது என்று முடிவானால் அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு கூட்டம் எவ்வளவு கத்தினாலும் விசில் எழக்கூடாது. இரண்டாவதாக, எண்ணுவதென்றால் முதல் நிமிடத்திலிருந்தே எண்ண வேண்டும். மேசையில் இருப்பவர் கையில் ஒரு ஸ்டாப்வாட்சு போதும். இப்போது எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசியே போதும். கடைசிப் பத்து வினாடியை அவர் வாய்விட்டு எண்ணட்டும். சடுகுடுவில் மூச்சு செய்த வேலையை இங்கே அக்குரல் செய்யும். மூன்றாவதாக, இவையெதுவும் பேசப்படாமல் ஆட்டம் தொடங்கிவிட்டு நடுவில் முடங்கிப்போனால், நடுவர் ஆட்டத்தை ஒருகணம் நிறுத்தி, இரு அணிக்கும் கேட்கும்படி "இனி எண்ணுவேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு அதே பந்தை அதே அணியிடம் கொடுத்துத் தொடரவேண்டும். முதல் விசில் எச்சரிக்கை, இரண்டாவதுதான் தண்டனை.

இதில் செலவு ஏதுமில்லை. நடுவரின் மதிப்பும் குறைவதில்லை.

புளியந்தோப்புக்கும் காலத்துக்கும் உள்ள பழைய உறவு ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். இங்கு மூன்று நான்கு தலைமுறைகள் ஆலைச் சங்குக்கு எழுந்து, ஆலைச் சங்குக்கு உண்டவை. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, தொழிலாளர் முதலில் முறையிட்டவற்றுள் ஒன்று பகலுணவுக்கு நேரம் போதவில்லை என்பதுதான். தமக்குரிய நிமிடங்களை யார் எண்ணுகிறார், எப்படி எண்ணுகிறார் என்று கேட்டவர்கள் அவர்கள். அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டுவிட்டன. கேள்வி மட்டும் மைதானத்தில் நிற்கும் ஒரு பேரப்பிள்ளையின் வாயில் இன்னும் இருக்கிறது.

அன்று அவனுக்கு நாம் விடை சொல்லவில்லை. இன்று கண்டால் சொல்வோம்: "தம்பி, நீ காத்திருந்தது தப்பில்லை. 24 வினாடி உனக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு. அதை முதலிலேயே உங்கள் எல்லோருக்கும் சொல்லாதது பெரியவர்களாகிய எங்கள் தப்பு. அடுத்த ஆட்டத்தில் நாங்கள் எண்ணுகிறோம், நீ ஆடு."